இளஞ்சிறார்க்கு நூல் தெரிதல்

எழுத்தைக் கூட்டிப் படிக்க வல்ல பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கும் பிள்ளைகள் அல்லர். முன்னையது பயிற்சியால் வருவது. பின்னையது விருப்பத்தால் வருவது. வகுப்பிலே பாடப் புத்தகத்தைத் தடங்கலின்றிப் படிக்கும் பதினொரு வயதுச் சிறுவன், விடுமுறை நாளொன்றில் தானாக ஒரு நூலை எடுத்து விரித்து வைத்துக்கொண்டிருத்தல் அரிய காட்சியாகிவிட்டது. இலங்கையிலே 1945ஆம் ஆண்டு தொடக்கம் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1980ஆம் ஆண்டு தொடக்கம் பாடப் புத்தகங்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆகவே மொழியும் உண்டு, புத்தகமும் உண்டு. இல்லாதது விருப்பம் ஒன்றே.

இதற்குக் காரணம் கூறப் புகுவோர் பிள்ளையின் சோம்பலைக் கூறுவர். அன்றேல் காலத்தின் கோலம் என்பர். முன்னர்ச் சினிமாவும், பின்னர்த் தொலைக்காட்சியும், இப்பொழுது கைத்தொலைபேசியும் அப்பழியைச் சுமந்து வருகின்றன. பிள்ளையின் கையில் முதன்முதலாக வைக்கப்பட்ட நூல் எத்தகையது, அதனைத் தெரிந்தவர் யாது கருதித் தெரிந்தார் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. பழியிற் பெரும்பகுதி ஆங்கேதான் உள்ளது.

நூல் தெரிதலைப் பற்றிப் பேரறிஞர் இருவர் செய்தவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் ஈண்டுப் பயன்றரும். ஜெனீவாவிற் பிறந்த றூசோ 1762ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எமீல்' என்னும் கல்வி நூலிலே, புத்தக வாசிப்பைக் குழந்தைப் பருவத்துக்கு நேர்ந்த பெருந்துன்பம் என்றே கடிந்தார். அங்ஙனம் கடிந்தவர் ஒரே ஒரு நூலுக்கு மாத்திரம் விலக்களித்தார். அது டானியல் டீபோ 1719இல் எழுதிய 'றொபின்சன் குறூசோ' ஆகும். ஆளில்லாத் தீவிலே தனித்து விடப்பட்டவன் தனக்கு வேண்டிய உணவையும் உறையுளையும் தன் கையாலேயே ஆக்கிக்கொள்ளுதலின், எப்பொருள் பயனுடையது, எப்பொருள் பயனற்றது என்பதைப் பிள்ளை அக்கதையிலிருந்து பிறர் சொல்லாமலே அறிந்துகொள்ளும் என்பது றூசோவின் கருத்து. வாதம் அழகானது. ஆயினும், எமீல் என்னும் அச்சிறுவன் றூசோவின் கற்பனையிலே பிறந்தவன். ஆசிரியர் விரும்பிய நூலை விரும்புவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. றூசோ தம் சொந்தப் பிள்ளைகளையோ அநாதைச் சாலைக்கு அனுப்பிவிட்டார் என்பதும் நினைவு கூரத்தக்கது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அதே நூலை மெய்யான பிள்ளைகளிடத்துச் சோதித்துப் பார்த்தவர் தோல்ஸ்தோய். இவர் 1859ஆம் ஆண்டிலே இரசியாவில் யாஸ்னயா பொல்யானா என்னும் தம் ஊரிற் குடியானவர் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அங்கே தண்டனை இல்லை. வீட்டுப் பாடம் இல்லை. விரும்பாத பிள்ளை எழுந்து போகவும் தடையில்லை. இத்தகைய பாடசாலையிலே ஒரு நூல் நல்லதோ அன்றோ என்பதை ஆசிரியர் உடனே அறிந்துகொள்வார். பிடிக்காத நூலைப் படிக்கத் தொடங்கினால் வாங்குகள் வெறுமையாகிவிடும். தாம் கண்டவற்றை அவ்வூரின் பெயராலேயே 1862இல் நடத்திய சஞ்சிகையில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

றூசோ போற்றிய 'றொபின்சன் குறூசோ' அங்கே தோற்றது. ஒரு மாதமளவு முயன்றும் சலிப்பே மிஞ்சியது. விளங்கிக்கொள்ளவும் திருப்பிச் சொல்லவும் இயலவில்லையே என அழுத சிறுவரும் இருந்தனர். இரசிய மொழியின் தலைசிறந்த ஆசிரியராகிய புஷ்கினின் கதையும் அவர்களுக்கு எட்டவில்லை. கடலையும் கப்பலையும் தனிமையையும் வெறுக்கும் சிறுவர் எந்த நாட்டிலும் இரார். ஆகவே தடையாயிருந்தது கதையன்று, கதை சொல்லப்பட்ட மொழியே எனத் தோல்ஸ்தோய் கண்டார். கற்றோர் எழுதும் மொழிக்கும் குடியானவர் வீட்டிற் பேசும் மொழிக்கும் இடையே பெரிய பள்ளம் கிடந்தது. அதனைக் கடப்பதற்குப் பாலம் இல்லை.

பாலம் என்று சொல்லிக்கொண்டு வந்த நூல்கள் இருக்கவே செய்தன. எளிய மக்களுக்கென்றே சிலர் தம் நிலையினின்றும் இறங்கி வந்து, கொஞ்சு மொழியிலே ஆக்கிய நூல்கள் அவை. பிள்ளைகள் அவற்றையும் விலக்கினர். அவர்கள் விரும்பிப் படித்தவை நாட்டுக் கதைகளும் பழமொழிகளும் பழைய வரலாறுகளும் ஆம்; அவை மக்களுக்காக எழுதப்பட்டனவல்ல, மக்களாலேயே ஆக்கப்பட்டவை. இவ்வுண்மை சிறுவர் நூல் எழுதுவோரும் தெரிவோரும் எக்காலத்தும் மறக்கத்தகாதது. எளிமை வேறு, மழலை வேறு. பெரியவர் ஒருவர் குனிந்து நின்று பேசுகின்றார் என்பதைப் பிள்ளை முதல் வரியிலேயே அறிந்துகொள்கின்றது.

'போரும் வாழ்வும்' என்று தமிழில் வழங்கும் பெருநாவலை 1869இல் எழுதி முடித்த தோல்ஸ்தோய், அடுத்து மேற்கொண்ட பெருமுயற்சி ஓர் அரிச்சுவடி என்பதைப் பலர் அறியார். 1872இல் அது வெளிவந்தது. முதலில் அதற்கு நல்வரவேற்புக் கிடைத்திலது. அவர் சோராது திருத்தி, 1875இற் 'புதிய அரிச்சுவடி' எனவும் தொடர் வாசிப்பு நூல்கள் எனவும் வெளியிட்டார். அவை பல பதிப்புகளைக் கண்டன. ஈசாப்பின் கதைகளும், இந்தியாவிலிருந்து சென்ற கதைகளும், விலங்குகள் பற்றியும் இயற்கைப் பொருள்கள் பற்றியும் சிறு குறிப்புகளும் அவற்றில் உள்ளன. 'கோக்கசஸ் கைதி' என்னும் கதை அந்நூலுக்கென எழுதப்பட்டதே. சிறைப்பட்ட வீரன் ஒருவன், அவனுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கும் சிறுமி, தப்பியோட்டம் ஆகிய இவையே கதை. வேண்டாத சொல் ஒன்றும் அதில் இல்லை. இனி முதியோர்க்கும் இந்நடையிலேயே எழுதக் கருதுவதாக அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். சிறுவர்க்கு எழுதுதலைத் தாழ்ந்த தொழிலாகக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

தோல்ஸ்தோய் கண்ட பள்ளம் தமிழிலே இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டிலே, "அம்மா கூப்பிடுறா" என்றும் "எனக்கு விளங்கேல்லை" என்றும் பேசுகின்றது. அது விரிக்கும் நூலிலோ அன்னை அழைக்கின்றாள், பொருள் புலப்படவில்லை. ஐந்து வயதிலே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒருவகையிலே புதுமொழி ஒன்றையே பயிலத் தொடங்குகின்றது. கற்றோர் இதனை உணர்வதில்லை. அவர்கள் அப்பள்ளத்தைக் கடந்து நெடுங்காலமாயிற்று. பள்ளத்தைக் கடவாமலே நின்றுவிடும் பிள்ளை பரீட்சைக்கு வேண்டிய அளவுக்குப் படித்து, பரீட்சை முடிந்ததும் தமிழ் நூலைக் கைவிடுகின்றது. பிற்காலத்திலே இலக்கியமும் சமயமும் வரலாறும் அதற்கு அடைத்த கதவாகிவிடுகின்றன. நூல் தெரிதலிலே ஆசிரியர் செய்யும் சிறு தவறு இத்துணைத் தூரம் செல்லும்.

இவ்விடரைத் தமிழிலே முதன்முதல் நன்குணர்ந்து செயலாற்றியவருள் ஆறுமுக நாவலர் தலைசிறந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பிள்ளைகளுக்கு ஏற்ற நூலின்மையைக் கண்டு பாலபாடங்களைத் தாமே எழுதித் தமது யந்திரசாலையிலே பதிப்பித்தார். எழுத்து, சொல், சிறு வாக்கியம் என ஏறிச்செல்லும் அவ்வரிசை, நான்காம் பாலபாடத்திலே நீண்ட கட்டுரைகளை எட்டுகின்றது. வாக்கியங்களைக் குறியீடுகளாற் பிரித்துக் காட்டியதும் இளம் வாசகனுக்குச் செய்த பேருதவியே. பாலபாடம் அறநெறியும் சமயநெறியும் புகட்ட எழுந்த நூல்; இன்பமூட்டுதல் அதன் முதல் நோக்கமன்று. ஆதலின் அதனைச் சிறுவர் கதைநூலுக்கு ஈடாக வைத்துக் குறை காண்பது முறையாகாது. அதன் ஏணியமைப்பைக் கதைநூல்களுக்கும் கைக்கொள்ளாது விட்டதே பின்வந்தோர் குறை.

இன்பமூட்டும் பணியை ஈழத்திலே நிறைவேற்றியவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவர் சிறுவர்க்குப் பாடியவை அவர் மறைவிற்குப் பின் 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என வெளிவந்தன. ஆடிப்பிறப்பு விடுமுறையும் கூழும் கொழுக்கட்டையும், கத்தரித் தோட்டத்து வெருளியும் அவர் கையிலே பாட்டாயின. தன் வீட்டு அடுப்படியிலும் தன் ஊர்த் தோட்டத்திலும் உள்ள பொருள் புத்தகத்திலும் இருப்பதைக் காணும் பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சி அளவிடற்கரியது. நூல் என்பது பிறருடைய உலகமன்று, தன்னுடையதே என்னும் நம்பிக்கை அப்பொழுதே பிறக்கின்றது. தமிழ்நாட்டிலே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும், 'மலரும் உள்ளம்' முதலிய நூல்களைத் தந்த அழ. வள்ளியப்பாவும் இப்பணியைச் செய்தனர். பாட்டுக்குப் பஞ்சமில்லை. எட்டு வயது வரை தமிழ்ப் பிள்ளை செல்வப் பிள்ளையே.

இடர்ப்பாடு அதற்கு மேலே தொடங்குகின்றது. பதினைந்து வயதிற் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படிக்கலாம். ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வரையுள்ள காலத்தில் எதனைப் படிப்பது? பாட்டு அப்போது குழந்தைத்தனமாகத் தோன்றும், நாவலோ நீளும். வாசிக்கும் பழக்கம் நிலைபெறுவதும் இக்காலத்திலே, அறுந்துபோவதும் இக்காலத்திலே. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் சரியாக இவ்விடத்திலேயே வந்து குறுக்கிடுகின்றது. கதைப் புத்தகத்தைப் பறித்து வினாத்தாட் கொத்தைக் கையிற் கொடுக்கும் பெற்றோரைக் கண்டிப்பது எளிது. பரீட்சை முடிந்த பின்னராவது பறித்ததைத் திருப்பிக் கொடுக்கின்றார்களா என்பதே கேட்கத்தக்கது.

இவ்விடைவெளியை நிரப்பத் தமிழிலே பொருள் இல்லாமலில்லை. பஞ்சதந்திரத்தின் தோற்றுவாயையே நோக்குக. கல்வியில் நாட்டமற்ற அரசகுமாரர் மூவரை அறிவுடையராக்குமாறு விஷ்ணுசர்மா வேண்டப்பட்டார். அவர் அவர்களுக்கு இலக்கணமும் சாத்திரமும் விரித்துரைத்திலர், கதையே சொன்னார். அதிலும் ஒரு கதையின் நடுவே மற்றொரு கதையைத் தொடங்கி, முன்னையது என்னாயிற்று என்று அவர்கள் ஏங்க வைத்தார். படிப்பை வெறுக்கும் பிள்ளைக்கு மருந்து யாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. தாண்டவராய முதலியார் 1826இல் அதனைத் தமிழ் வசனமாக்கினார். வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. மூடக் குருவும் அவரினும் மூடரான சீடரும் பத்து வயதுச் சிறுவனை இன்றும் விழுந்து விழுந்து சிரிக்க வைப்பர். தன்னை எண்ணாது விட்டு, ஒருவன் ஆற்றில் மாண்டான் என அழும் சீடரினும் தான் அறிவாளி எனப் பிள்ளை உணர்வதே அச்சிரிப்பின் மூலம். எனினும் இவ்விரண்டு நூல்களையும் பழைய பதிப்பில் உள்ளவாறே கொடுத்தால் யாஸ்னயா பொல்யானாவில் நேர்ந்ததே நேரும். சந்தி பிரித்து, வாக்கியத்தைச் சுருக்கி, கதையைச் சிதையாது வைத்த பதிப்பையே தேடல் வேண்டும்.

தேடிய நூலைச் சோதிக்கும் முறை யாது? விலைப்பட்டியலும் அட்டைப்படமும் ஒருபோதும் உதவா. நூலின் முதல் மூன்று பக்கங்களை வகுப்பிலே உரக்கப் படித்தலினும் சிறந்த சோதனை இல்லை. உலகப் புகழ் பெற்ற சிறுவர் நூல்கள் சில எழுதப்படுமுன் சொல்லப்பட்டவை. லூயிஸ் கரல் 1862ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆற்றிலே தோணியிற் செல்லுகையில் மூன்று சிறுமியர்க்கு வாய்மொழியாகச் சொன்ன கதையே 1865இல் 'அலிசின் அற்புத உலகம்' ஆயிற்று. ஸ்டீவன்சன் 1881இலே தம் மனைவியின் மகனாகிய பதின்மூன்று வயதுச் சிறுவனோடிருந்து ஒரு தீவின் படத்தை வரைந்து, அப்படத்திலிருந்தே 'புதையற் றீவு' என்னும் கதையைத் தொடங்கினார். எழுதிய அதிகாரங்களை வீட்டாருக்கு அவ்வப்போது படித்துக் காட்டினார். எதிரே இருந்து கேட்கும் பிள்ளை கொட்டாவி விட்டால் ஆசிரியர் திருத்திக்கொள்ளலாம். வகுப்பாசிரியருக்கும் அவ்வாய்ப்பு உண்டு. முதல் மூன்று பக்கம் முடிந்ததும் நூலை மூடும்போது, "பிறகு என்ன நடந்தது, சேர்?" என்னும் குரல் எழுந்தால் அந்நூலை வாங்கலாம். எழாவிட்டால், அதனைப் பாராட்டிப் பேரறிஞர் பதின்மர் முன்னுரை வழங்கியிருப்பினும் விட்டுவிடலே நன்று.

இவ்விடத்தில் ஆசிரியருலகின் வழக்கமொன்றைச் சுட்டாதிருத்தல் இயலாது. கதையைச் சொல்லி முடித்ததும், இக்கதையால் அறியப்படும் நீதி யாது என வினவுதல் அது. நல்ல கதையிலே நீதி பாலில் நெய்போற் கரந்து நிற்கும். அதனைக் கடைந்து எடுத்து வேறாகக் காட்டிப் பிள்ளையின் வாயில் ஊட்டுவோர், மறுமுறை பாலைக் கண்டாலே பிள்ளை முகஞ் சுளிக்கும்படி செய்கின்றனர். விக்கிரமாதித்தன் கதையிலே வேதாளம் செய்வது இதனினும் நயமானது. அது நீதி கூறாது. வினாவொன்றை எழுப்பி விடை கேட்கும். விடையை அரசன் கூறுமுன் தானே கூறிவிட வேண்டுமெனப் படிக்கும் பிள்ளை துடிக்கும். 1947இல் வரத் தொடங்கிய 'அம்புலிமாமா' இக்கதை முறையை மாதந்தோறும் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. இப்பொழுது அது வெளிவருவதில்லை. எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து வாசிக்கும் நிலைக்கு ஏற்றியதில் அதற்கு நிகரான பாடப் புத்தகம் மிகக் குறைவு.

சொல்லின் எளிமைக்கும் கதையின் சுவைக்கும் பகையில்லை என்பதற்கு அமெரிக்காவிலே நடந்த ஒன்று சான்றாகும். தொடக்க வகுப்பு வாசிப்பு நூல்கள் உயிரற்றுக் கிடப்பதை ஜோன் ஹேர்சி என்னும் எழுத்தாளர் 1954இற் கண்டித்து எழுதினார். அதன் விளைவாக, வரையறுத்த சொற்களை மாத்திரம் வைத்துக் கதை எழுதும் பணி டொக்டர் சூஸ் என்னும் புனைபெயருடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1957இல் வெளிவந்த அந்நூலில், தொப்பியணிந்த பூனையொன்று மழைநாளில் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாக்குகின்றது. அதில் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மாத்திரமே. அவற்றை வைத்துக் குறும்பு செய்ய முடிந்தது. தமிழிலோ சொல்லை எளிதாக்கும்போதே பூனையும் நல்ல பூனையாகிவிடுகின்றது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களைத் தெரியுங்கால் இங்குள்ள ஆசிரியர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அங்கே 'வாணலி' எனப்படுவது இங்கே 'தாச்சி'. அங்கே 'வெல்லம்' எனப்படுவது இங்கே 'சர்க்கரை'. இங்கே 'சீனி' எனப்படுவதை அங்கே 'சர்க்கரை' என்பர். பக்கத்துக்கு இரண்டொரு சொல் இவ்வாறு வரின் இடரில்லை. பிள்ளை ஊகித்து அறிந்து மகிழும், தமிழின் பரப்பையும் உணரும். உரையாடல் முழுவதும் சென்னைத் தெருப்பேச்சாக இருப்பின், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழியாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ அதுவே சுவையாகும். ஒரே நூல் ஒரு வயதில் தடையாகவும் மற்றொரு வயதில் விருந்தாகவும் அமைதல் இவ்வாறே.

படக்கதைகளைப் பற்றிய வெறுப்பும் மறுபரிசீலனைக்குரியது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களைப் பாடப் புத்தகத்துள் மறைத்துவைத்துப் படித்து அடிபட்டவர் பலர். அவருட் பலர் இன்றும் வாசிப்பவராகவே உள்ளனர். படக்கதையோடு நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. ஆயினும் அடுத்த படியைக் காட்டாதவர் குற்றத்தை முதற்படியின்மேற் சுமத்துதல் நீதியன்று. மாஸ்கோவிலே தமிழில் அச்சாகி, தடித்த அட்டையும் வண்ணப் படங்களுமாக மிகக் குறைந்த விலையில் வந்த சோவியத்துச் சிறுவர் நூல்கள் அத்தகைய அடுத்த படியாக ஒரு தலைமுறைக்கு உதவின. 1991இற் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் அவ்வரவு நின்றுபோயிற்று. தோல்ஸ்தோய் குடியானவர் பிள்ளைகளுக்கு எழுதிய கதைகளை எம்மவரிற் பலர் படித்தது அப்புத்தகங்களிலேதான்.

இனி, தெரிந்த நூலைப் பிள்ளை அடையும் வழி. சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தனுள், வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகன் என்பது மற்றொன்று. பாடசாலைகள் பலவற்றில் நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள்ளே பூட்டப்பட்டுள்ளன; திறப்பு அதிபரின் மேசை இலாச்சியில் உள்ளது. பரிசோதகர் வரும் நாளில் அவை தூசு தட்டப்படும். இத்தகைய பாதுகாப்பினாலே நூலுக்கும் பயனில்லை, பிள்ளைக்கும் பயனில்லை. அலுமாரியைத் திறந்து வைத்துப் பிள்ளை தானே எடுக்கவும், பிடிக்காவிடிற் பாதியில் வைக்கவும் விடுதல் வேண்டும். பாதியில் வைத்த நூலுக்கு ஆசிரியர் காரணம் கேட்கலாம், தண்டனை கூடாது. அக்காரணங்களைக் குறித்து வைப்பாராயின், அடுத்த முறை நூல் தெரியும்போது அக்குறிப்பே அவருக்கு வழிகாட்டும்.

நூல்கள் தொலைந்துபோம், கிழிந்துபோம் என்னும் அச்சம் பொறுப்பாளரை வாட்டுவது இயல்பே. 1981இலே யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்குப் பறிகொடுத்த சமூகத்தில் நூலைக் காக்கும் எண்ணம் மிகுதியாயிருத்தல் வியப்பன்று. ஆயினும், பிள்ளைகள் கையால் நூல் தேய்தல் அழிவன்று. ஆண்டிறுதியிலே அலுமாரியைத் திறந்து பார்த்தால், சில நூல்களின் அட்டை மடங்கி, ஓரம் அழுக்கேறி, தையல் விட்டிருக்கும்; சில நூல்கள் வாங்கிய நாளில் இருந்தவாறே மின்னிக்கொண்டிருக்கும். வருகின்ற ஆண்டுக்குப் புத்தகசாலைக்குச் செல்லும் ஆசிரியர், புதிய பட்டியலை விரிக்குமுன் தையல் விட்ட அந்நூல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வாராக.